ஐந்தாவது பாட்டு

ஜூன் 3, செவ்வாய்

வாஷிங் மெஷின் மறுபடியும் கக்கிவிட்டது. சமையலறை முழுக்கச் சோப்புத் தண்ணீர். பழைய துண்டு, கிழிந்த நைட்டி, ஒரு போர்வை எல்லாவற்றையும் போட்டு ஒற்றி எடுத்து நிமிர்ந்தால் மணி நாலு. ஐந்துக்குள் 'புதுச் சுருதி' பக்கத்தை அனுப்பியாக வேண்டும்.

தமிழில் ஜாஸ், ஃபங்க் இசைச் செய்தி எழுதுகிற ஒரே ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. போட்டிக்கு வேறு யாரும் வராததால் சொல்கிறேன். இணைய இதழில் வாரம் ஒரு பக்கம். யார் புது ஆல்பம் போட்டார், யாருக்கு என்ன விருது, யார் எந்த விழாவில் வாசித்தார், அவ்வளவுதான். படிக்கிறவர்களில் பாதிப் பேர் வழி தவறி வந்தவர்கள்.

இந்த வாரம் மூன்று செய்தி. புனேயில் ஒரு டிரம்ஸ்காரியின் முதல் ஆல்பம் ஐரோப்பிய விழா ஒன்றுக்குத் தேர்வாகியிருக்கிறது. கோவாவில் எழுபது தாண்டிய ஒரு பாடகர் புது ரெக்கார்டு போட்டு எல்லோரையும் வாய் பிளக்க வைத்திருக்கிறார். மூன்றாவது நம்ம ஊர். 'எட்டாம் பிளாட்பாரம்' என்கிற ஃபங்க் குழு, எட்டுப் பாட்டோடு 'பதினொரு மணி வெயில்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவருகிறது. வெளியீடும் 22ஆம் தேதி ஞாயிறு காலை பதினொரு மணிக்கேதான். குசும்பு. குழுவை நடத்தும் பேஸ் கிட்டார்காரன் கிரிதர், அறிமுகக் குறிப்பையும் முன்கூட்டிக் கேட்க ஒரு லிங்க்கையும் அனுப்பியிருந்தான்.

குறிப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஐந்தாவது பாட்டான 'ஐசக் தெரு'வில் பெரம்பூர் வில்ஃபிரட் செல்லையா டிரம்போன் வாசித்திருக்கிறார். கல்யாண பேண்டு செட்டில் நாற்பது வருடம் ஊதியவர். சர்க்கரையில் பல்லெல்லாம் ஆடிப்போய், ரெக்கார்டிங் முடிந்த அடுத்த வாரமே அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள். பல் இல்லாமல் டிரம்போன் ஊத முடியாது. ஆகவே இது அவருடைய கடைசி சோலோ.

எனக்கு அது போதாதா? அடித்துத் தள்ளினேன். "இழுத்து இழுத்து ஊதும் அந்தப் பித்தளைக் குழலில் ஒரு மனிதர் தன் வாழ்நாளுக்கே விடை கொடுக்கிறார். ஒவ்வொரு சுரமும் ஒரு விம்மல். இந்த ஆண்டின் ஆகச் சிறந்த டிரம்போன் சோலோ இதுதான். கண்ணை மூடிக் கேளுங்கள். திறக்கும்போது ஈரமாக இருக்கும்."

லிங்க்கைத் திறக்க நேரமில்லை. சனிக்கிழமை நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 6, வெள்ளி

பக்கம் வந்துவிட்டது. ஆசிரியர் "டிரம்போன் பாரா பிரமாதம், சாருலதா" என்று செய்தி அனுப்பினார். அவர் இதுவரை என்னிடம் பிரமாதம் என்று சொன்னது கிடையாது.

ஜூன் 7, சனி

மெஷின் மெக்கானிக் வரவில்லை. கையால் துவைத்தேன். லிங்க்கைக் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று அலுவலகத்துக்கு வில்ஃபிரட் செல்லையா வந்தார்.

ஒடுங்கிப்போன ஒரு கிழவரைத்தான் மனசில் வைத்திருந்தேன். வந்தவருக்குத் தலையில் கருகருவென்று மை, கண்ணில் கூலிங் கிளாஸ், கையில் மோதிரம், பூப்போட்ட சட்டை. கூடவே ஒரு பிளம் கேக். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "மேடம்கிட்ட டிரம்போன் வில்ஃபிரட் வந்திருக்கேன்னு சொல்லும்மா, அவங்களுக்குத் தெரியும்" என்று அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. பல் இல்லாததால் பேச்சு கொஞ்சம் காற்றாக வருகிறது. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"மேடம், எங்க ஏரியாவுல உங்க மேட்டர் போகாத போன் இல்ல. பங்குச் சாமியாரே பாத்துட்டு, என்ன வில்ஃபிரட்டு, நீ இவ்ளோ பெரிய ஆளாங்கறாரு. நான் சொன்னேன், ஃபாதர், இத்தினி நாளா பூசைக்கு வரச்சொல்லோ உங்களுக்குத் தெரியலியான்னு."

கேக்கை அவரே வெட்டி, ஆசிரியர் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். சினிமாவுக்குக்கூட ஊதியிருக்கிறாராம். "கூட்டத்தோட கூட்டமா நின்னு ஊதிட்டு வருவோம். யாரு ஊதுனாங்கன்னு எவனுக்குத் தெரியும்?" என்று சிரித்தார்.

"பாட்ட நீங்க இன்னும் கேக்கலியா சார்?" என்று கேட்டேன்.

"ஊதுனது நான்தானே, தனியா வேற கேக்கணுமா? கிரிதர் தம்பிகூட ஸ்டுடியோவுல போடறேன்னுச்சு. வாணாம்னுட்டேன். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு, சர்ச் ஹால்ல பெரிய ஸ்பீக்கர் வச்சு, எல்லாரையும் உக்கார வச்சு ஒண்ணா கேக்கப் போறோம். பல்லு புடுங்குன அன்னிக்கு ஆஸ்பத்திரியில ரெஜினா அழுதா. நான் சொன்னேன், அழாதடி, ரெக்கார்டுல மாட்டிக்கினேன், இனிமே என்ன அழிக்க முடியாதுன்னு. நீங்க கண்டிப்பா வரணும் மேடம். நீங்கதானே மொத மொதல்ல கேட்டவங்க."

வருகிறேன் என்றேன். கேக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 11, புதன்

கேட்காமலே ஹாலில் போய் உட்கார வேண்டாம் என்று இன்று மதியம் லிங்க்கைத் திறந்தேன். ஏழு பாட்டுதான் இருக்கிறது. ஐந்தாவதில் கீபோர்டு. முழுவதையும் இரண்டு தடவை ஓட்டினேன். டிரம்போன் எங்குமே இல்லை.

அன்றைக்கு மூன்றாம் தேதி ஒரு நிமிஷம் திறந்திருந்தால்! சீ.

ஜூன் 12, வியாழன்

கிரிதரிடம் பேசினேன்.

"ஐயோ, அதுவா மேடம். உங்களுக்கு அனுப்பினப்ப எட்டு இருந்துச்சு. அப்புறம்தான் அதை எடுத்துட்டு, அதே லிங்க்ல புது ஃபைலப் போட்டோம். அந்தப் பாட்டு ஆல்பத்தோட மூடுக்கு ஒத்து வரல. கம்பெனிலயும் அதேதான் சொன்னாங்க. நல்லவேளை, நீங்க பழசையே கேட்டுட்டீங்க. நீங்க எழுதினதப் படிச்சுட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, சே, எடுத்திருக்கக் கூடாதோன்னு."

பழசையே கேட்டுட்டீங்க. அவனாகவே என்னைத் தப்பிக்க வைத்துவிட்டான். இனி உலகத்தில் யாராலும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. எட்டுப் பாட்டு இருந்தபோது கேட்டேன், எழுதினேன். ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அந்த நிம்மதிக்காகவே என்னை நாலு அறை அறையலாம்.

மூடுக்கு ஒத்து வரவில்லை என்றால் ரொம்பச் சோகமாக இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் நான் பாட்டைக் கேட்கவில்லை என்பது தெரிந்துபோகும். விழுங்கிக்கொண்டேன்.

"வில்ஃபிரட் சாருக்குத் தெரியுமா?"

"அதான் மேடம் சங்கடமா இருக்கு. எதிர்ல பாத்தா, தம்பி தம்பின்னு உருகறாரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? உங்க மேல அவருக்கு அவ்ளோ மரியாதை. நீங்களே பக்குவமா ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்."

நல்ல ஆளய்யா. பாட்டை எடுப்பது இவன், பக்குவம் நான். ஆனாலும் சரி என்றேன். அந்தப் பழைய ஃபைலை எனக்கு அனுப்பு என்று அவனிடம் கேட்டிருக்கலாம். அதையும் கேட்க முடியவில்லை. நான்தான் ஏற்கெனவே கேட்டவளாயிற்றே.

ஜூன் 13, வெள்ளி

போன் செய்யவில்லை. மெக்கானிக் வந்தான். உள்ளே ஒரு ரப்பர் போயிருக்கிறதாம்.

ஜூன் 15, ஞாயிறு

இதைப் போனில் சொல்லக்கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து பெரம்பூர் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "சார், ஒரு சின்ன விஷயம்." சின்ன விஷயமா? "சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது." எப்படி எடுத்துக்கொண்டால் சரி?

அவர்கள் தெரு முனையில் இறங்கி நிமிர்ந்தால் ஃப்ளெக்ஸ்.

மின்கம்பத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கூலிங் கிளாஸோடு வில்ஃபிரட், தோளில் டிரம்போன், பின்னால் மேகம், மின்னல். மேலே கொட்டை எழுத்தில்: 'இந்த ஆண்டின் ஆகச் சிறந்த டிரம்போன் சோலோ!' அதற்குக் கீழே என் பெயர். 'இசை விமர்சகர் சாருலதா அவர்கள்.' ஓரத்தில் வட்டத்துக்குள் என் புகைப்படம்கூட இருந்தது. எங்கிருந்து எடுத்தார்களோ. டீக்கடைக்காரர் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வில்ஃபிரட் அண்ணன் வீடு அந்த நீலக் கேட்டும்மா" என்றார்.

அவர் மனைவி ரெஜினாம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாம்மா, வாம்மா. உன்னப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தேன். நல்லா இருப்ப நீ." ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பிரியாணி. வேண்டாம் என்றேன். கேட்கிற வீடா அது? தட்டு வந்துவிட்டது. எதிரே வில்ஃபிரட், தனக்கு மட்டும் குழைத்த ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு, ஹாலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். பேண்டு செட்டில் கூட ஊதியவர்கள், ரெஜினாம்மாவின் அண்ணன் குடும்பம், அரக்கோணத்திலிருந்து ஒரு வேன்.

"சார்," என்று ஒரு தடவை ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க மேடம்."

"கறி ரொம்ப நல்லா வெந்திருக்கு."

ரெஜினாம்மா இன்னொரு கரண்டி வைத்தார். சாப்பிட்டு, கையைக் கழுவி, அவர் காட்டிய பழைய போட்டோக்களையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ் ஏறும்போது ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 18, புதன்

இரண்டு தடவை போன் போட்டேன். முதல் தடவை அவர் எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை எடுத்தார். பின்னால் ஸ்பீக்கர்காரனோடு பேரம் நடந்துகொண்டிருந்தது. "மேடம், ஒரு நிமிஷம், இவன் ரெண்டு பாக்ஸ் போதுங்கறான். போதுமா? பேஸ் நல்லா வரணும்ல?" என்று என்னிடமே யோசனை கேட்டார்.

நாலு பாக்ஸ் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். என்ன ஜென்மம் நான்.

ஜூன் 20, வெள்ளி

இந்த வாரப் பக்கத்தில் ஆறு செய்தி. ஆறு ஆல்பத்தையும் முழுக்கக் கேட்டேன். ஏதோ நேர்ந்துகொண்டவள் மாதிரி. கிரிதர் போன் செய்து, "சொல்லிட்டீங்களா மேடம்?" என்று கேட்டதும், "ம்" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. கடைசி நிமிஷத்தில் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்ததாக ஞாபகம்.

ஹால் நிறைந்திருந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் முன்வரிசையில் யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். என்னை முதல் நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் சால்வை போட்டார்கள். வில்ஃபிரட் கோட்டு சூட்டு. நான்கு பாக்ஸ். பதினொன்று அடித்ததும் ஸ்பீக்கர்காரன் போனைத் தட்டினான்.

முதல் நான்கு பாட்டுக்கும் ஜனங்கள் பொறுமையாக இருந்தார்கள். இது அவர்கள் கேட்கிற சங்கீதம் இல்லை. வில்ஃபிரட் மட்டும் கையால் தாளம் போட்டுக்கொண்டே, "இது கிரிதர் தம்பி, பாரு விரல" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நாலாவது முடிந்ததும் எழுந்து நின்றார். "இப்ப."

கீபோர்டு வந்தது.

அவர் நின்றுகொண்டே இருந்தார். பாதிப் பாட்டு தாண்டியதும் ரெஜினாம்மாவின் அண்ணன், "இதுவா மச்சான்?" என்றார். "இரு, வரும்" என்றார் வில்ஃபிரட். வரவில்லை. அடுத்ததா இருக்கும் என்றார். ஆறாவதும் போயிற்று. ஏழாவது முடிந்து ஒரு விளம்பரம் ஓடி, வேறு யாரோ ஒரு குழுவின் பாட்டு தானாகவே ஆரம்பித்தது. அதையும் சிலர் வில்ஃபிரட்டுடையது என்று நினைத்துத் தலையாட்டினார்கள். ஸ்பீக்கர்காரன் அணைத்தான்.

முன்வரிசை யூனிஃபார்மில் ஒருவர் செருமினார். வில்ஃபிரட் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மைக்கை எடுத்தார்.

"ஏதோ மிஸ்டேக்கு ஆயிருக்கு. கம்பெனிக்காரங்க நம்ம பாட்ட விட்டுட்டாங்க போல. அதனால என்ன? ஊதுனது ஊதுனதுதான். கேட்ட ஆளு இங்கயே உக்காந்திருக்காங்க." என் பக்கம் வந்து மைக்கை நீட்டினார். "மேடம், எப்டி இருந்துச்சுன்னு நம்ம ஜனங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். எல்லா முகமும் என்னைப் பார்த்தது. என் வாயிலிருந்து வந்தது நான் எழுதிய அதே பாரா. விம்மல் என்றேன். விடைபெறும் குரல் என்றேன். கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது என்று, எழுதாத ஒன்றையும் புதிதாகச் சேர்த்துக்கொண்டேன். என் குரல் வேறு நிஜமாகவே உடைந்தது. பின்னால் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார்.

வில்ஃபிரட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் தலையை ஆட்டி, "ஆமா. அப்டித்தான் ஊதுனேன்" என்றார். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று.

கிளம்பும்போது ரெஜினாம்மா பொட்டலத்தில் கேக் கட்டிக்கொடுத்தார். முகத்தில் ஒரு குழப்பம். "ஏம்மா, அழுகையாவா இருந்துச்சு? வூட்ல ஊதிக் காட்டுனப்போ எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வவுறு நொந்துபோச்சே."

"விடு ரெஜினா," என்று பின்னாலிருந்து அவர் குரல். "அவங்க காதுக்கு அப்டிக் கேட்டிருக்கு."

ஜூன் 23, திங்கள்

அலுவலகம் போகவில்லை. சால்வை நாற்காலியிலேயே கிடக்கிறது. மடித்து வைக்கக் கை வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கிரிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் எழுதினேன், அவரிடம் சொல்லவும் இல்லை. "நானும்தான் மேடம் சொல்லல" என்றான். சாயங்காலம் 'ஐசக் தெரு'வை அனுப்பிவிட்டான். திறக்கப் பயமாக இருந்தது.

ஜூன் 26, வியாழன்

பெரம்பூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

டிரம்ஸும் பேஸும் ஏதோ பெரிய மனுஷன் நடந்து வருகிற மாதிரி கெத்தாக வருகின்றன. பின்னாலேயே டிரம்போன் வந்து அதைக் கலாய்க்கிறது. அவர்கள் ஒரு வரி வாசித்தால் இது அதையே கோணலாகத் திருப்பி ஊதிக் காட்டுகிறது. தும்முகிறது. வழுக்கி விழுகிறது. கல்யாண வீட்டில் வம்பளக்கிற மாமா மாதிரி ஒரு நீள இழுப்பு இழுத்து, மூச்சு முட்டி, நிறுத்தி, மறுபடி இழுக்கிறது. முடிவில் குழுவே தாளத்தை விட்டுவிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. நானும் சிரித்துவிட்டேன், பஸ்ஸில், சத்தமாக. பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பல் போகப்போகிற ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக ஊதியதை நான் ஒப்பாரி என்று எழுதி, ஊரைக் கூட்டி வைத்து அதையே பாடியும் காட்டியிருக்கிறேன்.

வில்ஃபிரட் தனியாக இருந்தார். ரெஜினாம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தலைக்கு மை இல்லை. ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

பென் டிரைவை மேஜையில் வைத்தேன். "உங்க பாட்டு சார். கிரிதர்கிட்ட வாங்கிட்டு வந்தேன்."

அவர் அதைத் தொடவில்லை.

"சார், நான் கேக்காமதான் எழுதுனேன். இன்னிக்குத்தான் பஸ்ல கேட்டேன்."

"தெரியும்மா."

"ஞாயித்துக்கெழமயா?"

"இல்லல்ல. மொத நாளே. விம்மலுன்னு எழுதியிருந்தீங்களே, அதுல எங்க விம்மலு?" சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "படிச்சப்பவே மனசுக்குள்ள சொல்லிக்கினேன், இந்தப் பொண்ணு கேக்கல, அடிச்சு விட்டிருக்குன்னு."

"அப்புறம் ஏன் சார் கேக்கெல்லாம்?"

"பேரு போட்டிருந்தீங்களே. வில்ஃபிரட் செல்லையான்னு, முழுசா. எவன் போட்டான் இதுவரிக்கும்? பாட்டு எப்டியும் வரத்தான போவுது, ஜனங்க கேட்டுக்கினா போச்சு, இது அழுகையா சிரிப்பான்னு." மோதிரத்தைத் திருகிக்கொண்டார். "அன்னிக்கு ஹால்ல மைக்கக் குடுத்தேனே, நீங்க ஏதாச்சும் பேசி என்னக் காப்பாத்துவீங்கன்னுதான் குடுத்தேன். காப்பாத்துனீங்க. இல்லன்னா என்ன ஆயிருக்கும்? கேக்காம எழுதுனதெல்லாம் எனக்குப் பெரிசு இல்லம்மா. நாங்க பாட்டு தெரியாமலே எத்தினி கல்யாணத்துல ஊதியிருக்கோம்."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அவர் என்னை மன்னித்தாகிவிட்டது. காபி போடட்டுமா என்றுகூடக் கேட்டார். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

"சார், பாட்டு இல்லங்கறது எனக்கு முன்னாடியே தெரியும்."

"எதுக்கு முன்னாடி?"

"பதினொண்ணாந்தேதியே தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, மனசுக்குள் தேதிகளைக் கூட்டுவது தெரிந்தது.

"அப்ப, இங்க வந்தீங்களே, ஞாயித்துக்கெழம."

"சொல்லத்தான் சார் வந்தேன்."

"பிரியாணி சாப்ட்டீங்களே."

மேஜையில் கிடந்த பென் டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அரக்கோணம் வேனுக்கு அதுக்கப்புறம்தாம்மா அட்வான்ஸ் குடுத்தேன். அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா யாரையும் வாணாம்னு சொல்லியிருப்பேனே. நானும் ரெஜினாவும் ரெண்டு பேரா உக்காந்து அழுதுட்டுப் போயிருப்போம்." குரல் உயரவில்லை. "ஊரக் கூட்டி வச்சு, கோட்டு மாட்டிக்கினு, நடு ஹால்ல நின்னேனே. நீங்க முன்னாடி சீட்ல உக்காந்து பாத்துக்கினு இருந்தீங்க."

மன்னிச்சிடுங்க சார் என்றேன். அவர் எழுந்தார். கதவு வரைக்கும் வந்து, செருப்பை நான் மாட்டுகிறவரை நின்றார்.

"இனிமே என்னப் பத்தி எதுவும் எழுதாதீங்கம்மா" என்றார். "நல்லதாவும் வாணாம்."

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.